இரண்டு உயில்களும் ஒரு அலாரமும்

பாதி எழுதிவிட்டு ஆறு மாதமாகக் கிடப்பில் போட்டிருந்த குறிப்பு இது. போன ஞாயிற்றுக்கிழமை அக்கா பையன் கேட்ட ஒரு கேள்வியால் மறுபடி கையில் எடுத்தேன்.

ஊத்துக்கோட்டையிலிருந்து சென்னைக்குப் பஸ் ஏறினால் வழியில் பெரியபாளையம் வரும். இருபது கிலோமீட்டருக்குள்தான். நம்ம பக்கத்து ஆட்களுக்குப் பெரியபாளையம் என்றால் பவானியம்மன் கோயில், ஆடி மாசம், வேப்பிலை ஆடை, ரோட்டை அடைத்து நிற்கும் வண்டிகள். எங்க ஊரைத் தொட்டுப் போகிற அதே ஆரணியாறுதான் அங்கேயும் போகிறது. அந்த ஊரில் 1754-ல் பிறந்த ஒருவர் பெயரில்தான் சென்னையில் அவ்வளவு பெரிய கல்லூரி நடக்கிறது என்பது எனக்கே நாற்பது வயதுக்கு மேல்தான் தெரிந்தது. பச்சையப்ப முதலியார். அண்ணா படித்த பச்சையப்பன் கல்லூரியின் பச்சையப்பன் இவர்தான். எங்க ஆற்றங்கரைக்காரர்!

இவரைப் பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்ததற்குக் காரணம் வரலாற்று ஆர்வம் என்று சொன்னால் அது பாதிப் பொய். இரண்டு வருஷத்துக்கு முன்னால் நான் வேலை பார்த்த கம்பெனியில் ஆள் குறைத்தார்கள். பட்டியலில் என் பெயரும் இருந்தது. வயது நாற்பத்துநான்கு, வீட்டுக்கடன் பாதி பாக்கி. அந்த மூன்று மாதத்தில் நான் படித்ததெல்லாம் முன்னேற்றப் புத்தகங்கள்தான். அப்பாவின் அலமாரியில் அப்துற் றஹீமின் 'வாழ்க்கையில் வெற்றி'யும் எம்.எஸ். உதயமூர்த்தியின் 'எண்ணங்க'ளும் இருந்தன. அவற்றை முடித்துவிட்டு இப்போது வருகிற ஆங்கிலப் புத்தகங்களுக்குப் போனேன். போனில் ஒரு பழக்கச் செயலி. காலை ஐந்து மணி அலாரம், இருபது பக்கம் படிப்பு, முக்கால் மணி நடை, ஒரு பக்க நாட்குறிப்பு. தொடர்ந்து 143 நாள் பச்சை டிக் வாங்கினேன். வேலையும் கிடைத்தது.

ஆக, பழக்கத்தால்தான் மீண்டேன் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். இந்தப் பக்கத்து மண்ணிலேயே பிறந்து, உழைப்பாலும் பழக்கத்தாலும் உயர்ந்த ஒருவரை உதாரணமாகக் காட்டி ஒரு கட்டுரை எழுதலாம் என்றுதான் பச்சையப்பரைத் தேடினேன். படிக்கப் படிக்கக் கட்டுரை வேற பக்கம் திரும்பிவிட்டது.

ஆற்றங்கரையிலிருந்து கோட்டை வரை

பச்சையப்பர் பிறப்பதற்கு முன்பே அப்பா விசுவநாத முதலியார் இறந்துவிட்டார். அம்மா பூச்சியம்மாள் பிள்ளைகளோடு ஆதரவு தேடிப் பெரியபாளையம் வந்தவர். இங்கே ஆதரவு தந்தவரும் சில வருஷங்களில் போய்ச் சேர, அந்த அம்மா மறுபடி மூட்டை கட்டிக்கொண்டு சென்னப்பட்டணம் போகிறார். பச்சையப்பருக்கு அப்போது ஐந்து வயது இருக்கலாம்.

அது என்ன காலம் என்று பாருங்கள். 1758 கடைசியிலிருந்து 1759 தொடக்கம் வரை பிரெஞ்சுக்காரர்கள் சென்னைக் கோட்டையை முற்றுகை போட்டிருந்தார்கள். 1761-ல் பாண்டிச்சேரி ஆங்கிலேயர் கையில் விழுந்தது. இந்தக் குழப்பத்தில்தான் ஒரு விதவைத் தாய், கையில் பணம் இல்லாமல், பிள்ளைகளை இழுத்துக்கொண்டு பட்டணம் போய்ச் சேர்கிறார்.

அங்கே அவர் போய் நின்ற வாசல் பவுனி நாராயண பிள்ளையுடையது. இவர் துபாஷி. பவுனி என்பது இவர் யாரிடம் துபாஷியாக இருந்தாரோ அந்த ஆங்கிலேயரின் பெயர். அதுவே இவர் பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்டது. நாராயண பிள்ளை அந்தக் குடும்பத்துக்கு ஆதரவு கொடுத்தார். பையனுக்கு ஆங்கிலமும் கணக்கும் கற்றுக்கொடுக்க ஏற்பாடு செய்தார். தன் தொழிலிலேயே பழக்கினார்.

துபாஷி என்றால் இரண்டு பாஷை தெரிந்தவர் என்று பொருள். மொழிபெயர்ப்பாளர் வேலை என்று மட்டும் நினைத்தால் தப்பு. கப்பலிலிருந்து இறங்கும் வெள்ளைக்காரருக்கு வீடு பார்ப்பது, ஆள் அமர்த்துவது, சரக்கு வாங்கித் தருவது, கடன் புரட்டித் தருவது, வட்டிக்குக் கொடுப்பது, வசூல் பார்ப்பது எல்லாமே துபாஷிதான். நம்ம மொழியில் சொன்னால் இரண்டு சிஸ்டங்களுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிற இன்டர்ஃபேஸ். இரண்டு பக்கத்துக்கும் அடுத்த பக்கம் புரியாது. புரிந்த ஒரே ஆள் நடுவில் இருப்பவர். காசு அங்கேதான் நிற்கும்.

அந்தக் காலத்துக் கணக்கும் லேசுப்பட்டது இல்லை. ஒரு நட்சத்திர வராகனுக்கு 42 பணம். ஒரு பணத்துக்கு 80 காசு. ஆக ஒரு வராகனுக்கு 3,360 காசு. இது போக ஆற்காட்டு ரூபாய் தனியாக ஓடும், மாற்று விகிதம் ஏறும் இறங்கும். கால்குலேட்டர் இல்லாமல் 42, 80 என்ற அடிமானங்களில் வட்டி போட்டுப் பாருங்கள். நான் ஒரு தாளில் போட்டுப் பார்த்தேன், இரண்டு தடவை தப்பு வந்தது. இதையெல்லாம் பதின்வயதிலேயே கைப்பழக்கமாக்கிக்கொண்டவர் பச்சையப்பர். பதினாறு வயது வாக்கில் தரகு வேலை. இருபதுகளின் தொடக்கத்தில் பெயர் சொல்லும் துபாஷி. அப்புறம் சலிவன் என்ற ஆங்கிலேயக் குடும்பத்தாரிடம் துபாஷி. அதன் பிறகு தஞ்சாவூர்ச் சீமையின் பெரிய கொடுக்கல் வாங்கல்.

கோமளீசுவரன்பேட்டையில் குடியிருந்தபோது கூவத்தில் குளித்துவிட்டுக் கோயிலுக்குப் போவார் என்று ஒரு செய்தி உண்டு. இதைப் படிக்கிற எல்லாரும் கூவம் அவ்வளவு சுத்தமாக இருந்ததா என்றுதான் கேட்பார்கள். பழக்கச் செயலி மயக்கத்தில் இருந்த நான் பார்த்தது வேறு. ஆஹா, காலைப் பழக்கம்! மொழி, கணக்கு, விடியலில் குளியல், சாமி. கட்டுரைக்கு நாலு பாயின்ட் கிடைத்துவிட்டது.

இடித்த இடம்

எழுத உட்கார்ந்தபோதுதான் இரண்டு விஷயம் இடித்தது.

முதலாவது, நாராயண பிள்ளை. பட்டணத்தில் அந்த வருஷம் அப்பா இல்லாத, கெட்டிக்கார ஐந்து வயதுப் பையன்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? அதிகாலையில் எழுந்து கூவத்தில் குளித்தவர்கள் எத்தனை பேர்? அந்த வாசலுக்குள் போனவர் ஒருவர். பழக்கம் அத்தனையும் அந்த வாசலுக்கு உள்ளே போன பிறகு வந்தவை. ஆங்கிலம் கற்றுக்கொடுக்க ஆள் இருந்ததால்தான் ஆங்கிலம் பழகினார். கணக்குப் புத்தகம் கண் முன்னால் இருந்ததால்தான் கணக்குப் பழகினார்.

இரண்டாவது, அந்தப் பணம். தஞ்சாவூர்ச் சீமை 1781-ல் ஐதர் அலியின் படையெடுப்பில் நாசமாகிக் கிடந்தது. அந்த நாட்டு அரசர் கம்பெனிக்குக் கட்டவேண்டிய தொகைகளைச் சுற்றித்தான் அடுத்த சில வருஷத்துப் பெரிய வட்டித் தொழில் நடந்தது. ஆற்காட்டு நவாபின் கடனைப் பற்றி எட்மண்ட் பர்க் 1785-ல் லண்டன் பார்லிமென்டில் பேசிய புகழ்பெற்ற பேச்சே இந்த மாதிரிக் கடன் சங்கிலி பற்றியதுதான். சங்கிலியின் ஒரு முனையில் கம்பெனி உத்தியோகஸ்தர், நடுவில் துபாஷி, கடைசி முனையில் வயலில் நின்றவன். பச்சையப்பர் தனிப்பட்ட முறையில் கொடுமைக்காரர் என்று சொல்ல எனக்கு ஆதாரம் ஏதும் இல்லை. ஆனால் அவர் நின்ற இடம் அந்தச் சங்கிலியின் நடுக் கண்ணி. அதை விட்டுவிட்டு வெறும் உழைப்பு, பழக்கம் என்று எழுதினால் நான் எழுதுவது வரலாறு இல்லை, விளம்பரம்.

இந்த இடத்தில்தான் கட்டுரையை மூடி வைத்தேன்.

ஃபிராங்க்ளினின் கட்டமும் உயிலும்

மறுபடி திறக்க வைத்தவர் பெஞ்சமின் ஃபிராங்க்ளின். பழக்கப் புத்தகங்களுக்கெல்லாம் பாட்டனார் இவர். தன் சுயசரிதையில் பதின்மூன்று நற்குணங்களைப் பட்டியல் போட்டு, வாரத்துக்கு ஒன்று வீதம் கவனித்து, தவறும்போதெல்லாம் ஒரு சின்ன நோட்டுப் புத்தகக் கட்டத்தில் கரும்புள்ளி வைத்துக்கொண்டதைச் சொல்கிறார். பதின்மூன்று வாரத்தில் ஒரு சுற்று. வருஷத்துக்குச் சரியாக நாலு சுற்று. என் போனில் இருந்த செயலியின் மூல வடிவம் அதுதான். அத்தனையிலும் 'ஒழுங்கு' என்ற குணம்தான் தனக்குக் கடைசி வரை பிடிபடவில்லை என்று அவரே ஒத்துக்கொள்கிறார். என் மேஜையைப் பார்த்தால் எனக்கும் அதே கதைதான்.

ஃபிராங்க்ளின் இறந்தது 1790-ல். பச்சையப்பர் இறந்தது 1794-ல். பூமியின் இரு பக்கம் இருந்த இரண்டு சமகாலத்தவர்கள். இருவரும் உயில் எழுதினார்கள். இந்த இரண்டு உயில்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் எனக்கு விஷயம் பிடிபட்டது.

ஃபிராங்க்ளின் தன் உயிலோடு ஒரு பிற்சேர்க்கை எழுதினார். பாஸ்டன் நகரத்துக்கு ஆயிரம் பவுண்டு, பிலடெல்பியாவுக்கு ஆயிரம் பவுண்டு. அதை யாருக்கும் தானமாகத் தரக்கூடாது. தொழில் பழகி முடித்த, கல்யாணமான, இருபத்தைந்து வயதுக்குக் கீழே உள்ள கைத்தொழிலாளர்களுக்குக் கடனாகத் தரவேண்டும். ஒருவருக்கு 15 பவுண்டிலிருந்து 60 பவுண்டு வரை. வட்டி 5 சதவீதம். பத்து வருஷத்தில் தவணையாகத் திருப்ப வேண்டும். வாங்குகிறவருக்கு ஊரில் மதிப்புள்ள இரண்டு பேர் ஜாமீன் நிற்க வேண்டும்.

ஏன் இந்த ஏற்பாடு? காரணத்தை அவரே அந்தப் பிற்சேர்க்கையில் சொல்கிறார். இளவயதில் பிலடெல்பியாவில் அச்சுக்கூடம் வைக்க இரண்டு நண்பர்கள் தனக்குக் கடன் கொடுத்தார்கள், தன் செல்வத்துக்கு அஸ்திவாரம் அதுதான் என்கிறார். வில்லியம் கோல்மன், ராபர்ட் கிரேஸ் என்று அந்த இருவர் பெயரும் சுயசரிதையில் இருக்கிறது.

இதைப் படித்ததும் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். பழக்கத்தின் பாட்டனாரே, உயிரோடு இருந்தவரை உலகத்துக்குப் பழக்கத்தைச் சொன்னவர், பணத்தை என்ன செய்வது என்று முடிவு பண்ணும் நேரத்தில் யாருக்கும் நோட்டுப் புத்தகமும் கட்டமும் எழுதி வைக்கவில்லை. தனக்குத் திறந்த கதவை இன்னும் நாலு பேருக்குத் திறக்கச் சொல்லி எழுதினார். பழக்கம் பொய் என்று அவர் நினைக்கவில்லை. தொழில் பழகி முடித்தவனுக்குத்தானே கடன்? நல்ல நடத்தைக்குத்தானே ஜாமீன்? பழக்கம் உள்ளவனுக்கும் ஒரு கதவு வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அவ்வளவுதான்.

கூட்டு வட்டி யார் பார்ப்பது?

இப்போதைய பழக்கப் புத்தகங்களில் தவறாமல் ஒரு கணக்கு வரும். தினமும் ஒரு சதவீதம் முன்னேறினால் வருஷக் கடைசியில் 37 மடங்கு. 1.01-ஐ 365 தடவை பெருக்கினால் 37.78, கணக்கு சரிதான். ஃபிராங்க்ளினும் இந்த மாதிரி ஒரு கணக்குப் போட்டார். ஆயிரம் பவுண்டு, 5 சதவீதம், நூறு வருஷம் விட்டால் 1,31,000 பவுண்டு ஆகும் என்று உயிலிலேயே எழுதினார். பைத்தானில் ஒரு வரி எழுதிச் சரிபார்த்தேன். 1,31,501. மனுஷன் காகிதத்திலேயே போட்டிருக்கிறார்.

ஆனால் நடந்தது வேறு. கடன் வாங்கினவர்களில் சிலர் திருப்பவில்லை. காலப்போக்கில் கைத்தொழில் பழகுகிற முறையே மாறிவிட்டதால் கடன் கேட்டு வருகிறவர்களும் குறைந்தார்கள். 200 வருஷம் முடிந்து 1990 வாக்கில் கணக்கை முடித்தபோது பாஸ்டன் பக்கம் சுமார் 50 லட்சம் டாலர், பிலடெல்பியா பக்கம் சுமார் 20 லட்சம் டாலர். ஒரே தொகை, ஒரே வட்டி, ஒரே விதி. பிறகு எப்படி ஒன்று மற்றதைவிட இரண்டு மடங்குக்கு மேல்? பார்த்துக்கொண்ட கைகள் வேறு. பாஸ்டன் பணத்தின் ஒரு பங்கில் 1908-ல் ஒரு தொழிற்கல்விக் கூடமும் எழுந்தது.

கூட்டு வட்டி தானாக ஏறாது. யாராவது உட்கார்ந்து கணக்குப் பார்க்க வேண்டும். இந்த ஒரு வாக்கியத்துக்குச் சென்னையில் ஒரு பெரிய சாட்சி இருக்கிறது.

பச்சையப்பர் 1794 மார்ச் 22-ல் உயில் எழுதினார். மார்ச் 31-ல் இறந்தார். நாற்பது வயது. அந்த உயிலில் அவர் முக்கியமாக நினைத்தது கோயில் கட்டளைகளும் தர்மங்களும்தான். சிதம்பரம் கீழைக் கோபுரத் திருப்பணியில் அவருக்கும் அவர் குடும்பத்துக்கும் பங்கு உண்டு. காசியிலிருந்து தெற்கு வரை கோயில்களுக்கு எழுதி வைத்தார். பள்ளிக்கூடம் கட்டுவதற்காக அவர் இந்தப் பணத்தை விட்டுப் போகவில்லை, இதை மறைக்கக்கூடாது.

அதற்கப்புறம் வழக்கமாக நடப்பது நடந்தது. பணம் கை மாறியது. உரிமை கொண்டாடுகிறவர்கள் வந்தார்கள். தர்மம் நின்றுபோனது. அட்வகேட் ஜெனரலாக இருந்த ஹெர்பர்ட் காம்ப்டன் இதைக் கையில் எடுத்து வழக்காக்கினார். பின்னால் அதே பதவிக்கு வந்த ஜார்ஜ் நார்ட்டன் விடாமல் தொடர்ந்தார். 1832-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்தது. ஒரு லட்சம் வராகன், அதாவது சுமார் மூன்றரை லட்சம் ரூபாய், உயிலில் சொன்ன தர்மங்களுக்கு ஒதுக்கப்பட்டது. வழக்கு நடந்த காலத்தில் அதற்கு மேல் சேர்ந்திருந்த லட்சக்கணக்கான ரூபாயைக் கல்விக்குத் திருப்பினார்கள். 1842 ஜனவரி 1-ல் பிராட்வேயில் பள்ளிக்கூடம் திறந்தது. 1850-ல் எஸ்பிளனேடில், ஏதென்ஸ் நகரத்துக் கோயில் ஒன்றின் சாயலில், பச்சையப்பன் மண்டபம் திறந்தது. உயர்நிலைப் பள்ளியாகி, கல்லூரியாகி, 1889-ல் முதல்நிலைக் கல்லூரி ஆனது. 1940-ல் சேத்துப்பட்டுக்குப் போனது.

ஆக, நாம் இன்று 'பச்சையப்பரின் வெற்றி' என்று சொல்வது அவர் செத்து 48 வருஷம் கழித்து நடந்தது. அதில் அவர் பழக்கங்களுக்கு இருந்த பங்கு, அந்த மூலதனத்தைச் சேர்த்தது வரை. மீதி வேலையைச் செய்தவர்கள் அவர் முகத்தையே பார்க்காதவர்கள்.

கதவுக்குள்ளும் ஒரு கதவு

இந்தக் கதையை நல்ல முடிவோடு நிறுத்திவிட எனக்கும் ஆசைதான். ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது. அந்தக் கல்லூரி ரொம்ப காலம் எல்லாருக்கும் திறந்திருக்கவில்லை. ஆதிதிராவிட மாணவர்களை 1920-களின் பிற்பகுதி வரை சேர்க்கவில்லை. இந்து அல்லாத மாணவர்களுக்கு 1947 நவம்பரில்தான் திறந்தார்கள். விடியலில் எழுந்து மண்ணெண்ணெய் விளக்கில் படித்த பையன்கள் அந்தத் தெருக்களிலும் இருந்திருப்பார்கள். அவர்களிடம் பழக்கம் குறைவு என்று யார் சொல்ல முடியும்?

கதவுக்கு உள்ளே போனாலும் போதாது என்பதற்கு அதே கல்லூரியில் ராமானுஜன் இருக்கிறார். 1906-ல் அங்கே சேர்ந்தார். கணக்கு ஆசிரியர் சிங்காரவேலு முதலியார் அவருடைய திறமையைக் கண்டுகொண்டார். ஆனாலும் மற்றப் பாடங்களில் தவறி எஃப்.ஏ. தேர்வில் தோற்று வெளியே வந்தார். 1911 வாக்கில் நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவ் அவருக்கு மாதம் 25 ரூபாய் கொடுக்க ஆரம்பித்தார். 1912-ல் துறைமுகத்தில் குமாஸ்தா வேலை. 1913-ல் ஹார்டியின் பதில் கடிதம்.

இதைப் பழக்கக் கணக்காகப் பாருங்கள். 1907-லும் அவர் கையில் நோட்டுப் புத்தகம், சிலேட்டு. 1913-லும் நோட்டுப் புத்தகம், சிலேட்டு. நாள் முழுக்கக் கணக்குப் போடும் பழக்கம் நடுவில் மாறவே இல்லை. முதல் வருஷத்தில் அதற்குப் பெயர் உருப்படாத பிள்ளை. அடுத்த ஆறு வருஷத்தில் அதே பழக்கத்துக்குப் பெயர் மேதை. நடுவில் மாறியது, மாதம் 25 ரூபாய் கொடுக்க ஒருவர், கடிதத்தைப் படித்துப் பார்க்க ஒருவர்.

என் உயில்

இனி என் கதை. 2001-ல் நான் பி.இ. முடித்து வெளியே வந்தபோது அமெரிக்காவில் டாட்காம் கம்பெனிகள் சரிந்துகொண்டிருந்தன. பதினான்கு மாதம் வேலை இல்லை. ஜூனியர்களுக்கு நான் சொல்லும் கதையில் அந்தப் பதினான்கு மாதமும் விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து ஜாவா படித்தேன் என்று வரும். உண்மைதான், படித்தேன்.

எதில் படித்தேன்? எங்க வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. ஊத்துக்கோட்டையில் ஜாப் டைப்பிங் சென்டர் வைத்திருந்த ஒரு அண்ணன், "ராத்திரி கடையைச் சாத்தினதும் வந்து உக்காந்துக்கோ, கரென்ட் பில்லுக்குக்கூட எதுவும் தர வேணாம்" என்று சாவியைக் கொடுத்தார். நாலு மணிக்கு நான் எழுந்தது அந்தக் கடை பெஞ்சிலிருந்து. அப்புறம் கல்லூரி சீனியர் ஒருவர் சென்னையில் தன் அறையில் எட்டு மாதம் வாடகை வாங்காமல் தங்கவைத்தார். என் ரெஸ்யூமைத் தன் மேனேஜரிடம் கையில் கொண்டுபோய்க் கொடுத்தவரும் அவர்தான். சாவி கொடுத்தவர் ஒருவர், ரெஸ்யூம் கொடுத்தவர் ஒருவர். எனக்கும் சரியாக இரண்டு பேர்.

இருபது வருஷமாக இந்தக் கதையை நான் இவர்கள் இல்லாமலே சொல்லி வந்திருக்கிறேன். பொய் சொல்லவேண்டும் என்று நினைத்துச் சொன்னதில்லை. என் கதையில் நானே எல்லா வேலையும் செய்தால் கேட்க நன்றாக இருந்தது, அவ்வளவுதான்.

இதனால் ஒரு ஆளுக்குக் கெடுதலும் செய்திருக்கிறேன். 2016-ல் எங்க ஊர்ப் பையன் ஒருவன், முதல் தலைமுறைப் பட்டதாரி, எங்க கம்பெனியில் ஒரு ரெஃபரல் கேட்டு மூன்று தடவை மெசேஜ் அனுப்பினான். நான் வெற்றிக்கான பத்து பழக்கங்கள் என்று ஒரு கட்டுரையின் லிங்க்கை அனுப்பி, முதலில் இதைக் கடைப்பிடி, பிறகு பார்க்கலாம் என்று எழுதினேன். அவன் "நன்றி அண்ணா" என்று மட்டும் போட்டான். அப்புறம் எழுதவே இல்லை. ரெஃபரல் கொடுக்க எனக்கு ஆகியிருக்கக்கூடிய நேரம் பத்து நிமிஷம். அவன் இப்போது எங்கே இருக்கிறான் என்று தெரியவில்லை. போன வருஷம் தேடினேன், அந்தக் கணக்கே இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். அக்கா பையன் மெக்கானிக்கல் டிப்ளமோ. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கான்ட்ராக்ட் வேலை. போன பொங்கலுக்கு அவனுக்கு நான் ஒரு பழக்கப் புத்தகம் வாங்கிக் கொடுத்திருந்தேன். அதைத் திருப்பிக் கொண்டுவந்து வைத்துவிட்டுக் கேட்டான்:

"மாமா, இதுல காலைல அஞ்சு மணிக்கு எழுந்துக்கணும்னு போட்டிருக்கு. எனக்கு நைட் ஷிஃப்ட் முடியறதே ஆறு மணிக்கு. கம்பெனி பஸ் இறக்கி விட்டு வூட்டுக்கு வரசொல்ல எட்டு ஆவுது. நான் எப்போ மாமா எழுந்துக்கறது?"

கிண்டலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே சந்தேகம் கேட்டான். என்னிடம் பதில் இல்லை.

அவனிடம் பழக்கம் இல்லையா? பன்னிரண்டு மணி நேரம் மெஷின் முன்னால் நிற்கிறான். இரண்டு வருஷத்தில் லீவு போட்டது நாலு நாள். சம்பளத்தில் மாசா மாசம் அக்காவிடம் கொடுத்தது போக சீட்டு கட்டுகிறான். ஃபிராங்க்ளின் நோட்டைக் கொடுத்தால் என்னைவிட இவனுக்குத்தான் புள்ளி குறைவாக விழும். இவனுக்கு வேண்டியது இன்னொரு அலாரம் இல்லை.

"சரிடா, அத்த வுடு. உனக்கு இப்போ இன்னா தெரிஞ்சா வேல மாத்தலாம்?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "குவாலிட்டி டிபார்ட்மென்டுல எக்செல் கேக்கறாங்க மாமா. அப்புறம் இன்டர்வியூல இங்கிலீஷ்ல பேச வராது" என்றான். இங்கிலீஷும் கணக்கும். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருநூற்றறுபது வருஷத்துக்கு முன்னால் நாராயண பிள்ளை வீட்டில் கற்றுக்கொடுத்த அதே இரண்டு பாடம்.

அவனுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் ஓய்வு, அதுவும் சாயங்காலம்தான் முழிப்பான். சாயங்காலம் நாலு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறேன். கூட வேலை பார்க்கிற இரண்டு பசங்களையும் கூட்டிக்கொண்டு வரட்டுமா என்று கேட்டான். வரச் சொன்னேன். பழைய லேப்டாப் ஒன்று பரணில் கிடந்தது, இறக்கித் துடைத்து வைத்திருக்கிறேன். குவாலிட்டி வேலையில் இருக்கிற பழைய நண்பர்கள் இரண்டு பேருக்குப் போன் பண்ணி, பசங்க தயாரானதும் ரெஸ்யூம் அனுப்புவேன், பார்க்க வேண்டும் என்று சொல்லிவைத்தேன்.

என் காலை ஐந்து மணி அலாரத்தை நிறுத்தவில்லை. அது எனக்கு நல்லது செய்கிறது, இந்தக் குறிப்பையே அந்த நேரத்தில்தான் எழுதுகிறேன். ஆனால் செயலியில் ஒரு பழக்கம் புதிதாகச் சேர்த்திருக்கிறேன். ஞாயிறு, மாலை 4 மணி. இதுவரை ஒரே ஒரு பச்சை டிக்.

டைப்பிங் சென்டர் அண்ணன் இப்போது ஊரில் இல்லை, மகளோடு சத்தியவேடு பக்கம் இருக்கிறாராம். இந்தக் குறிப்பை அச்செடுத்துக்கொண்டு அடுத்த வாரம் நேரில் போய்ப் பார்க்கப் போகிறேன். கடைச் சாவியைக் கடைசியில் திருப்பிக் கொடுத்தேனா இல்லையா என்பதே எனக்கு ஞாபகம் இல்லை. அதையும் கேட்க வேண்டும்.